புல் போன மலை, புல் வந்த பாலை

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது மணல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், நடுவே ஓர் ஒட்டகம், தொலைவில் இரண்டு ஈச்சமரங்கள். பாடநூலும் திரைப்படமும் சேர்ந்து நமக்குத் தந்த ஓவியம் அது. ஆகவே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்து மலையொன்றில் காட்டுத்தீ பரவி ஊர் அழிந்தது என்று நாளிதழில் ஒரு பத்திச் செய்தி வரும்போது, படிப்பவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. மணலில் எரிவதற்கு என்ன இருக்கிறது?

நல்ல ஐயம்தான். செய்தி எழுதுபவர்கள் அதற்கு விடை சொல்வதில்லை. கடும் கோடை, தாங்கவொணா வெப்பம், மழையின்மை, ஆகவே தீ என்று நான்கு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். இந்தச் சூத்திரம் போதாது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது. வெயில் உலர்த்தும், காற்று பரப்பும், மின்னல் பற்றவைக்கும். எரிவதற்கு ஒரு பொருள் அங்கே கிடக்க வேண்டுமே, அதை வைத்தது வெயிலா? எரிபொருள் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எதற்காக என்ற கேள்வியைக் கேட்காமல் வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அரிசோனாவின் தென்பகுதியில், டூசான் நகரை ஒட்டி நிற்கும் சாண்டா கேட்டலினா மலையை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். வந்திருக்க வேண்டிய தீ தடுக்கப்பட்ட மலை அது. வரவே கூடாத தீ வரவழைக்கப்பட்ட மலையும் அதுவே. முன்னது உச்சியில், பின்னது அடிவாரத்தில். இரண்டுக்கும் காரணம் தேடிப் போனால் நாம் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: புல்.

*

முதலில் இடத்தையும் பருவத்தையும் அறிந்துகொள்வோம். டூசான் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,400 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் வடக்கிலும் வடகிழக்கிலும் சுவர் எழுப்பினாற்போல் நிற்பது கேட்டலினா மலை. உச்சியான லெம்மன் சிகரம் 9,157 அடி. 1881-ஆம் ஆண்டு கணவரோடு அதில் ஏறிய சாரா பிளம்மர் லெம்மன் என்ற தாவரவியலாளரின் பெயரே சிகரத்துக்கு வழங்குகிறது. அடிவாரத்தில் கைகளை உயர்த்தி நிற்கும் சாகுவாரோ என்ற பெருங்கள்ளிகள். சற்று மேலே புல்வெளி. அதற்கும் மேலே ஓக் மரங்கள். பின்னர் பைன் காடு. உச்சியை நெருங்கினால் குளிர்நாட்டு ஃபிர் மரங்கள். ஒரு மணி நேர மகிழுந்துப் பயணத்தில் இத்தனையையும் கடந்துவிடலாம். மெக்சிகோ எல்லையில் புறப்பட்டுக் கனடா வரை போய்வந்ததற்கு ஒப்பானது அப்பயணம் என்று அவ்வூரார் சொல்வதுண்டு. பாலைக்கடலின் நடுவே குளிர்ந்த காட்டைத் தலையில் சுமந்து நிற்கும் இத்தகைய மலைகளை அங்கே 'வானத் தீவுகள்' என்கிறார்கள்.

டூசானில் ஓராண்டில் பெய்யும் மழை சுமார் 11 அங்குலம். அதில் ஏறத்தாழப் பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியோடு கொட்டும். குளிர்காலத்தில் மென்மையான மழை சிறிது உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் வறண்டவை. நம் இலக்கணத்தார் வேனிலை இளவேனில், முதுவேனில் என்று பிரித்தார்கள். டூசான் பகுதித் தாவரவியலாளர்களும் கோடையை ஒன்றாகப் பாராமல் வறண்ட முன்கோடை, மழைக்கோடை என இரண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஐந்து பருவங்கள் கணக்கிடுகிறார்கள். அங்கே தீயின் பருவம் முன்கோடையே. டூசானில் பதிவான உச்ச வெப்பமும் ஜூன் மாதத்ததே: 1990 ஜூன் 26 அன்று 117 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 47 செல்சியஸ்.

ஜூன் இறுதியில் மேகங்கள் மலைமேல் கூடத் தொடங்கும். முதலில் வருபவை ஈரம் குறைந்த மேகங்கள். மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும்; ஆனால் அது தரையைத் தொடுமுன்னரே வறண்ட காற்றில் ஆவியாகிவிடும். மின்னல் மட்டும் தவறாமல் இறங்கும். மூன்று மாதம் காய்ந்து கிடக்கும் மலையில் மழையில்லா மின்னல் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மழையைக் கொண்டுவரும் மேகத்தின் முன்தூதாகத் தீ வருகிறது. மூங்கில் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றும் காட்சியைச் சங்கப் பாடல்களில் பலகாலும் கண்டிருக்கும் வாசகருக்கு, காட்டில் மனிதர் கை படாமலே தீ பிறக்கும் என்பது புதிய செய்தியன்று. இவ்வகையில் பார்த்தால் தீ அந்த மலைக்குப் பழைய உறவு. இடைக்காலத்தில் உறவு கெட்டது எப்படி என்பதே கதை.

*

மலையின் மேற்பகுதியில் நிற்பவற்றுள் முதன்மையானது பாண்டரோசா பைன். முதிர்ந்த மரத்தின் பட்டை தடித்தது. கீழ்க்கிளைகளை அது தானே உதிர்த்துவிடும். தரையோடு தரையாக ஓடும் தீ அதன் காலைச் சுடும், உயிரைத் தொடாது. சுட்ட இடத்தில் ஒரு வடு விழும். அடுத்த ஆண்டு வளரும் வளையம் அவ்வடுவை மூடத் தொடங்கும். ஆகவே எந்த ஆண்டு தீ வந்தது என்பது மரத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த எழுத்தைப் படிக்கக் கற்ற இடம் இதே மலையின் அடிவாரத்தில் இருப்பது ஒரு நற்செய்தி. ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சிக்கு மரவளையங்களில் சான்று கிடைக்குமா என்று தேடப் புறப்பட்டவர். தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. மரவளையக் காலக்கணிப்பு என்ற தனித்துறையே அவரால் பிறந்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வகம் 1937-இல் நிறுவப்பட்டது. பல்லாண்டுக்காலம் அவ்வாய்வகம் இயங்கியது பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கின் இருக்கைகளுக்கு அடியில். மேலே ஆரவாரம், கீழே நூற்றாண்டுகளின் மௌன ஏடுகள். ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்த தலைமுறையின் வரலாற்றைப் படித்து வளர்ந்த தமிழ் மாணவருக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

அந்த ஏடுகள் சொல்வது என்ன? தென்மேற்கு அமெரிக்காவின் பைன் காடுகளில், பல நூற்றாண்டுகளாக, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற அளவில் தரைத்தீ வந்து போயிருக்கிறது. புல்லையும் சருகையும் இளங்கன்றுகளையும் எரித்துவிட்டு, பெருமரங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. காடு அடர்ந்து மூச்சுமுட்டாமல் பார்த்துக்கொண்டது அத்தீயே. பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, வடுக்கள் நின்றுவிடுகின்றன. ஒரு சுவடியில் நடுவே ஏடுகள் உருவப்பட்டாற்போல வெறுமை.

காரணம் வானத்தில் இல்லை. 1880-இல் டூசானுக்கு இருப்புப்பாதை வந்தது. அதனுடன் சந்தையும் வந்தது. ஆடுமாடுகள் மாநிலமெங்கும் பெருகின. மலைச்சரிவுகளில் மண்டிக் கிடந்த புல்லை அவை மேய்ந்து தீர்த்தன. மின்னல் முன்போலவே விழுந்தது. அதை மரத்துக்கு மரம் கொண்டுசெல்லப் புல் இல்லை. தீ நின்றதன் முதற்காரணம் மாட்டின் வாய். எந்த அரசாணையும் அதற்குப் பிறகு வந்ததே.

அரசாணையும் வரத்தான் செய்தது. 1910-இல் ஐடஹோ, மொண்டானா மாநிலங்களில் முப்பது லட்சம் ஏக்கர் எரிந்து, தீயணைப்போர் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது பிறந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த அமெரிக்க வனத்துறைக்கு அத்தீ தீராத அச்சத்தைக் கொடுத்தது. 1935-இல் ஒரு விதி செய்தார்கள்: எங்கே தீ கண்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும். 1944-இல் தொப்பி அணிந்த கரடி ஒன்று விளம்பரப் படங்களில் தோன்றி, காட்டுத்தீயைத் தடுப்பது உங்கள் கடமை என்று குழந்தைகளுக்குக் கற்பித்தது. பத்துமணி விதி 1970-களின் இறுதியில் கைவிடப்பட்டது. கரடி இன்றும் இருக்கிறது.

தீயை அணைப்பது நற்செயல் என்பதில் யாருக்கு ஐயம் இருந்திருக்க முடியும்? ஆனால் அணைத்த ஒவ்வொரு சிறுதீயும் ஒரு கடனாக நின்றது. எரிந்திருக்க வேண்டிய சருகு குவிந்தது. தழைத்திருக்கக் கூடாத கன்றுகள் பெருமரங்களுக்கு இடையே நெருக்கி வளர்ந்தன. தரைத்தீ மர உச்சிக்கு ஏற அவையே ஏணி ஆயின. கடன் வசூலுக்கு வந்தது 2003-இல். அவ்வாண்டு ஜூன் 17 அன்று மனிதரால் மூண்ட ஆஸ்பென் தீ, கேட்டலினா மலையில் 84,750 ஏக்கரை எரித்தது. உச்சியை ஒட்டியிருந்த சம்மர்ஹேவன் என்ற சிற்றூரில் வீடுகளும் கடைகளுமாக ஏறத்தாழ 340 கட்டடங்கள் அழிந்தன. மீண்டும் 2020 ஜூன் 5 அன்று மின்னலால் மூண்ட பிக்ஹார்ன் தீ, அதே மலையில் ஏறக்குறைய 1,20,000 ஏக்கரைத் தொட்டது.

இவ்விரண்டையும் கோடையின் கொடுமை என்று எழுதினால் பாதிதான் உண்மை. கோடை கொடியதாகிவருகிறது என்பதை மறுக்கவில்லை. 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள், தென்மேற்கு வட அமெரிக்காவில் கி.பி. 800-க்குப் பிறகு வந்த எந்த 22 ஆண்டுகளைக் காட்டிலும் வறண்டவை என்று 2022-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அதற்கும் மரவளையங்களே சான்று. மனிதரால் விளைந்த புவி வெப்பம் அவ்வறட்சியைப் பெரிதும் கூட்டியிருக்கிறது என்பதும் அவ்வாய்வின் முடிபு. ஆயினும் வறட்சி வந்து பார்க்கும்போது காடு எந்த நிலையில் இருந்தது என்பது வேறு கேள்வி. பட்டினி கிடப்பவனுக்குக் காய்ச்சல் வருவதும், உண்டு நலமாக இருப்பவனுக்குக் காய்ச்சல் வருவதும் ஒன்றாகாது.

*

இனி அடிவாரத்துக்கு இறங்குவோம். மேலே சொன்னதைப் படித்துவிட்டு, அப்படியானால் எங்கும் தீயை விட்டுவிடலாமே என்று யாரேனும் கருதினால், அவர்களுக்கு மறுப்பு அடிவாரத்தில் நிற்கிறது.

சாகுவாரோ தீயை அறியாத செடி. பாலோ வெர்டே போன்ற ஏதாவது ஒரு மரத்தின் நிழலில் முளைக்கும். முதல் எட்டாண்டுகளில் அது வளர்வது ஓரங்குலம், ஒன்றரை அங்குலம். முதல் கை முளைப்பதற்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் வாழும். தீப்பட்டால் உடனே சாய்வதில்லை. சில ஆண்டுகள் பச்சையாகவே நின்று பின்னர் மடிவதும் உண்டு. பார்ப்பவர் பிழைத்துக்கொண்டது என்றே எண்ணுவார்கள்.

இத்தனை மெல்ல வளரும் ஒன்று இடிமின்னல் பூமியில் எப்படி வாழ்ந்துவந்தது? இயல்பான அப்பாலையில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறுந்தரை இருந்தது. மின்னல் ஒரு மரத்தில் விழுந்தால் அம்மரம் எரியும். அடுத்ததற்குத் தாவ வழியில்லை. வெறுமை என்று நாம் கருதும் இடைவெளியே அப்பாலையின் காவல். இதைப் புரிந்துகொள்ளாமல், அந்த வெறுமையை நிரப்ப வேண்டிய குறையாகப் பார்த்தார்கள்.

1930-களில் அமெரிக்க அரசின் மண்காப்புத் துறையினர், மேய்ச்சலால் சிதைந்து மண் அரிக்கப்பட்ட நிலங்களை மீட்க வறட்சி தாங்கும் புல் ஒன்றைத் தேடினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு புல்லைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் பஃபெல் புல். தாவரவியலில் செங்க்ரஸ் சிலியாரிஸ். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் மாட்டுத் தீவனத்துக்காகப் பாலைத் தாவரங்களை அகற்றிவிட்டுப் பெருமளவில் அதை விதைத்தார்கள். அது விதைத்த இடத்தோடு நிற்கவில்லை. சாலையோரமாகப் பரவி, கேட்டலினா மலையின் தென்முகப் பாறைச் சரிவுகளில் ஏறிவிட்டது. செடிகளுக்கிடையே இருந்த வெறுந்தரையை நிரப்பியது. முன்கோடையில் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். பற்றினால் வேகமாகவும் கடும் வெப்பத்தோடும் எரியும். எரிந்த பின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். சாகுவாரோ துளிர்க்காது. ஆகவே ஒவ்வொரு தீக்குப் பிறகும் புல் கூடும், கள்ளி குறையும். 2005-இல் அரிசோனா அரசு அதைத் தீங்கு விளைக்கும் களை என்று அறிவித்தது.

இப்புல்லின் பெயரைக் கொங்கு நாட்டு வாசகர்கள் கேட்டால் வியப்படைவார்கள். நம் ஊரில் அதற்குக் கொழுக்கட்டைப் புல் என்று பெயர். காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கிளுவை வேலி, நடுவே இடைவிட்டு நிற்கும் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது அம்மேய்ச்சலில்தான். மழை குறைந்த மண்ணில் உழவர் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த செல்வம் அது. அரிசோனாவுக்குப் போன வித்து ஆப்பிரிக்காவினுடையது. ஆயினும் இனம் ஒன்றே. இங்கே வேலிக்குள், மாட்டின் வாய்க்கும் மனிதர் கண்ணுக்கும் அடங்கி வளரும் புல், அங்கே வேலியும் மேய்ப்பனும் இல்லாத மலைச்சரிவில் பகையாயிற்று. புல்லின் மேல் குற்றமில்லை. ஓரிடத்துப் பொருளைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பவர், அதைச் சூழ்ந்திருந்த வாழ்க்கையையும் சேர்த்துப் பெயர்க்க இயலாது. இது மொழிபெயர்ப்பாளருக்கு நன்கு தெரிந்த உண்மை. மண்காப்புத் துறையினருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். மலைமேல் மாடு புல்லைத் தின்றது. வர வேண்டிய தீ நின்றது. கீழே மாடு தின்று கெடுத்த நிலத்தைச் செப்பனிடவும், மாட்டுக்கே தீவனம் போடவும் அயற்புல் வந்தது; வரக்கூடாத தீ வந்தது. முன்பெல்லாம் நகருக்கும் காட்டுக்கும் இடையே எரியாத பாலை ஓர் அகழிபோல் கிடந்தது. இன்று புல் அவ்வகழியில் திரி போட்டிருக்கிறது. மேலே பற்றினால் கீழே வரலாம். கீழே சாலையோரத்தில் பற்றினால் மேலே ஏறலாம்.

இதில் வெயிலின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது. பாலையில் பெருந்தீக்கு முந்திய பருவம் பல வேளைகளில் நல்ல மழைப்பருவமாக இருக்கும். குளிர்கால மழை கூடினால் ஓராண்டுப் புற்கள் செழிக்கும். முன்கோடையில் அவையே விறகாகும். 2005 ஜூனில் ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே மூண்ட கேவ் க்ரீக் தீ 2,40,000 ஏக்கருக்கு மேல் பரவி எண்ணற்ற சாகுவாரோக்களை அழித்தது. அதற்கு முந்திய குளிர்காலம் மழை மிகுந்தது. மழை பெய்ததே என்று மகிழ்வதா, அடுத்த ஜூனை எண்ணி அஞ்சுவதா என்ற நிலைக்கு ஒரு பாலை வந்துவிட்டது.

*

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். மலைக்காட்டுக்குத் தீ தேவை என்று மேசையருகே அமர்ந்து எழுதுவது எளிது. அடிவாரத்திலும் உச்சியிலும் மக்கள் வாழ்கிறார்கள். 2025 ஜூலை 4 அன்று கிராண்ட் கேன்யனின் வடகரையில் மின்னலால் ஒரு தீ மூண்டது. டிராகன் பிராவோ என்று பெயரிட்டார்கள். உடனே முற்றாக அணைக்காமல், ஓர் எல்லைக்குள் அடக்கி எரியவிடலாம் என்று முதலில் முடிவு செய்தார்கள். ஒரு வாரத்தில் காற்று மாறியது. 1937-இல் கட்டிமுடித்த புகழ்பெற்ற கிராண்ட் கேன்யன் விடுதியும் பல பத்துக் கட்டடங்களும் சாம்பலாயின. தீ அடங்குவதற்குள் 1,45,000 ஏக்கர் எரிந்துவிட்டது. எரியவிட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்ற குரல் எழுந்தது. அக்குரலில் நியாயம் உண்டு. ஜூலைத் தொடக்கத்தின் உலர்ந்த காட்டில் ஒரு தீயை நம்பி விட்டது பிழையான கணிப்பு என்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால் அதிலிருந்து, கண்ட தீயையெல்லாம் அணைத்துவிடு என்ற பழைய பத்துமணி விதிக்குத் திரும்புவது தீர்வாகாது. அவ்விதியின் விலையையும் மனிதர்கள் உயிரால் கொடுத்திருக்கிறார்கள். 2013 ஜூன் 30 அன்று யார்னெல் என்ற மலையூரின் அருகே, கிரானைட் மவுண்டன் தீயணைப்புக் குழுவினர் 19 பேர் ஒரே நேரத்தில் மாண்டார்கள். அத்தீயின் மொத்தப் பரப்பு 8,400 ஏக்கர்தான். ஏனைய பெருந்தீக்களுக்கு முன் சிறியது. நெருங்கிய இடிமேகம் காற்றைத் திருப்பியது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எரியாமல் வளர்ந்து கிடந்த புதர்க்காடு அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஏக்கர்க் கணக்கு துயரத்தின் அளவு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆக, அணை என்பதும் விடு என்பதும் மலை முழுவதற்கும் பொருந்தும் விடைகளல்ல. பைன் காட்டில் ஈரமுள்ள பருவத்தில், ஆள் பலத்தோடு, சிறுதீயைத் திட்டமிட்டு மூட்ட வேண்டும். நெருக்கி வளர்ந்த இளமரங்களைக் களைய வேண்டும். அடிவாரத்துப் பாலையில் தீயை எந்தப் பருவத்திலும் இடங்கொடாமல் அணைக்க வேண்டும்; புல்லைப் பிடுங்க வேண்டும். இது அறிவியலாளர் பலரும் நெடுநாளாகச் சொல்லிவருவதே. நடைபெறாமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை என்று சொல்ல முடியாது. பற்றி எரியும் தீயை அணைக்கும் விமானத்துக்குக் கிடைக்கும் பணமும் புகழும், எரியாத காலத்தில் புதரைக் களையும் கைகளுக்குக் கிடைப்பதில்லை. தீ செய்தியாகிறது, தீ வராமல் காத்தது செய்தியாவதில்லை. இந்நிலை அரிசோனாவுக்கு மட்டும் உரியதா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

*

இதில் இலக்கிய வாசகருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சொல்லைக் கையாள்பவர் என்ற முறையில் வேலை இருக்கிறது என்றே எண்ணுகிறோம்.

தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பகுத்தார். பாலைக்கு நிலம் கொடுக்கவில்லை. வேனிலையும் நண்பகலையும் கொடுத்தார். இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த வடிவமே பாலை என்று விளக்கினார். பாலை ஒரு நிலம் அன்று, ஒரு நிலை என்ற இக்கருத்தை வகுப்பறைதோறும் சொல்லிவருகிறோம். பிற்காலத்தில் அயல்நாட்டு வறள்நிலங்களுக்குப் பெயர் தேவைப்பட்டபோது, 'பாலைவனம்' என்ற சொல்லை அவற்றின்மேல் போர்த்தினோம். அப்போது திரிபு, கேடு, வறுமை ஆகிய பொருள்களும் கூடவே போயின. சொனோரா போன்ற ஒரு பாலை எதுவும் கெட்டு உண்டானது இல்லை. அது தானாகவே நிறைவுடைய ஒரு நிலம். அங்கே நெடுங்காலமாக வாழும் தொல்குடியினர் தம்மை 'டோஹோனோ ஓதாம்' என்று அழைத்துக்கொள்கிறார்கள்; பாலையின் மக்கள் என்பது அதன் பொருள். வசைச்சொல்லை யாரும் தமக்குப் பெயராகச் சூட்டிக்கொள்வதில்லை.

நாம் சபித்த அந்த ஜூன் மாதம் அவர்களுக்கு அறுவடைக் காலம். சாகுவாரோவின் பழம் மழைக்குச் சற்று முன்னர், வெப்பத்தின் உச்சியில் பழுக்கிறது. பட்டுப்போன சாகுவாரோவின் நீண்ட விலாக்கழிகளையே கட்டித் துறட்டியாக்கி, அதனால் பழத்தைத் தட்டி வீழ்த்துகிறார்கள். பாகு காய்ச்சுகிறார்கள். அதைப் புளிக்கவைத்த மதுவை ஊர் கூடி அருந்தி மழையை அழைக்கிறார்கள். அவர்களுடைய ஆண்டு அங்கேதான் தொடங்குகிறது. முன்கோடை அவர்களுக்குப் பேரிடரின் பருவமன்று; பழமும் பாட்டும் மழையை எதிர்நோக்கும் நம்பிக்கையும் சேர்ந்த பருவம். அப்பருவத்தைத் தீயின் பருவமாக மாற்றியது வெயில் மட்டுமில்லை என்பதை மேலே கண்டோம்.

இளங்கோவின் விளக்கத்தை அங்கே பொருத்திப் பார்த்தால் விந்தையான ஒரு முடிவு கிடைக்கிறது. கேட்டலினா அடிவாரத்தில் பாலை தன் இயல்பில் திரிந்து புல்வெளியாகிவருகிறது. பச்சையாக, செழிப்பாக, முல்லைபோல் தோன்றும் அந்தப் புல்வெளியே உண்மையில் கெட்ட நிலம். வறண்டு, இடைவெளி விட்டு, கள்ளியும் கல்லுமாகக் கிடப்பதே நலமுள்ள நிலம். செழிப்பு நன்மை, வறட்சி தீமை என்ற நம் பழகிய நிறுவைக்கோல் அங்கே தலைகீழாகிறது.

ஆகவே நம் வேண்டுகோள் எளியது. தொலைநாட்டுத் தீயைப் பற்றி எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் வெப்பநிலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எரிந்தது பைன் காடா, புதரா, புல்லா என்று ஒரு சொல் கூடுதலாக எழுதுங்கள். அப்புல்லுக்குத் தமிழில் பெயர் இருக்குமானால் அப்பெயரைத் தாருங்கள். கொழுக்கட்டைப் புல் என்ற ஒரு சொல் போதும். காங்கேயத்து வாசகர் அந்த மலையைத் தம் மேய்ச்சல் நிலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இயற்கைப் பேரிடர் என்ற தொடரை எழுதுமுன் ஒருமுறை தயங்குங்கள். இயற்கை செய்தது எது, அமைச்சகமும் சந்தையும் மாட்டுப் பண்ணையும் செய்தது எது என்று பிரித்துச் சொல்ல இயலாதபோது அத்தொடர் குற்றவாளிகளுக்கு நிழல் கொடுக்கிறது.

டூசானைச் சுற்றியுள்ள சரிவுகளில் இன்று தன்னார்வலர்கள் கடப்பாரையோடு ஏறுகிறார்கள். கொழுக்கட்டைப் புல்லின் ஒவ்வொரு தூரையும் வேரோடு நெம்பி எடுத்து மூட்டை கட்டுகிறார்கள். ஒரு சாகுவாரோவைச் சுற்றி நான்கு முழம் வெறுந்தரை உண்டாக்கினால் அன்றைய வேலை முடிந்தது. அடுத்த மழைக்குப் பிறகு விதை மீண்டும் முளைக்கும். மீண்டும் ஏற வேண்டும். வெறுந்தரையை உண்டாக்குவதற்காக மனிதர்கள் வியர்வை சிந்தும் காட்சி நமக்குப் புதிது. அந்த வெறுந்தரைதான் மின்னலுக்கும் கள்ளிக்கும் இடையே மிஞ்சியிருக்கும் ஒரே காவல்.